வாடகை வீட்டில் வளர்ந்த பங்கு



விழாமலரில் வரும் வரலாறு எப்படியிருக்கும் என்பது நம் அனைவர்க்கும் தெரிந்ததே. நிலம் தந்தவர் யார், அடிக்கல் நாட்டியவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், பீடத்திற்குப் பளிங்கு போட்டவர் யார் என்று வரிசையாக எழுதி, நடுவே ஆயர்களின் படங்களை அச்சிட்டு விடுவோம். இம்மலரிலும் அவை உள்ளன. அவற்றுக்குரிய மதிப்பை நாம் குறைக்க எண்ணவில்லை. ஆயினும் மலர்க் குழுவினர் நம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு சில இரவுகள் புரட்டினோம். பெற்றோரின் இருப்பிடம் என்னும் கட்டத்தில் ஒரே தெருவின் பெயர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெவ்வேறு குடும்பங்களுக்கு எதிரே வருகிறது. வீடு அதே வீடாகத்தான் இருக்க வேண்டும். குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆசிரியர், செவிலியர், தாலுகா அலுவலக எழுத்தர், மின்வாரிய ஊழியர். தலைப்பிள்ளைக்கு இங்கே ஞானஸ்நானம். அடுத்த பிள்ளைக்கு எந்த ஊரிலோ. பாடற்குழுவில் பாடியவர்களும், ஞாயிறு தோறும் சிறுவர்க்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர்களும், பாஸ்கு நாடகத்திற்கு வேடம் தைத்தவர்களும் பெரும்பாலும் இவர்களே என்று முதியோர் சொல்கிறார்கள். ஆலயச் சுவரிலுள்ள எந்தக் கல்லிலும் இவர்கள் பெயர் இல்லை. கல்லில் பெயர் பொறிக்கும் அளவுக்கு யாரும் இங்கே தங்கவில்லை.

நம் முதியோர் சின்னப்பர் என்றும் இளையோர் பவுல் என்றும் அழைக்கும் அந்தத் திருத்தூதரை நினைத்துக் கொண்டோம். திருச்சபையின் முதல் வரலாறாகிய திருத்தூதர் பணிகள் என்னும் நூல் எங்கே முடிகிறது? ஒரு பேராலயத்தில் அன்று; உரோமை நகரில் அவர் வாடகைக்கு எடுத்து இரண்டு ஆண்டு தங்கியிருந்த ஒரு வீட்டில் முடிகிறது. ஆகவே இம்மலரில் வாடகை வீட்டின் வரலாற்றை எழுதுவது முறைகேடாகாது என்று துணிந்தோம்.

முதலில் சொற்கள். வாடகை என்பது வடமொழி வழி வந்த சொல் என்பர். வீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பழைய தமிழ்ச் சொல் குடிக்கூலி. ஒருவர் வீட்டின் ஓர் அறையிலோ, தாழ்வாரத்திலோ, பின்கட்டிலோ இன்னொரு குடும்பம் அடுப்பு வைத்துக்கொள்வது ஒண்டுக் குடித்தனம். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நான்கு அல்லது ஐந்து ஒற்றையறை வீடுகள் ஒரே வரிசையாய் நிற்பது லைன் வீடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையும் இல்லாமல் வட்டியும் இல்லாமல் சில ஆண்டு குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவது போக்கியம். மகள் கலியாணத்துக்கு அவசரமாய்ப் பணம் வேண்டிய வீட்டுக்காரருக்கும், மாதா மாதம் வாடகை கட்ட முடியாது ஆனால் கையில் கொஞ்சம் தொகை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இது பொருந்தும். குறித்த நாளில் வீட்டுக்காரரிடம் பணம் இல்லாமற் போகும்போதுதான் பொருத்தம் கெடும். அப்படிக் கெட்டுப்போன போக்கியங்கள் சில, பஞ்சாயத்துக்காக நம் அறைவீட்டுத் திண்ணைக்கும் வந்ததுண்டு.

இனி நம் ஊர். சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாய் அரூர் செல்லும் பாதையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வாணியாற்று நீரால் விளையும் ஊர் இது. கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் ஊரில் வாடகைக்கு வீடு தேடுபவர் முன்காலத்தில் அதிகம் இருந்திருக்க மாட்டார். நிலமுள்ளவர் தம் வீட்டில் இருந்தார். நிலமற்றவர் நிலமுடையவரின் இடத்தில் குடிசை போட்டுக்கொண்டார். பின்னவரின் நிலைதான் மிகக் கடினம். வாடகை கேட்கவில்லை என்பது உண்மையே; ஆனால் கூலி பேச வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். அத்தகையோர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது.

வாடகைக் குடிகளை இங்கே கொண்டுவந்தவை அலுவலகங்கள். 1965 அக்டோபர் 2இல் சேலம் மாவட்டத்தினின்று தருமபுரி பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பின்னர் அரூரிலிருந்து பிரிந்து நம் ஊரும் ஒரு வட்டத்தின் தலைமையிடமாயிற்று. பள்ளிகள் உயர்ந்தன, மருத்துவமனை, கருவூலம், காவல் நிலையம், வங்கி என ஒவ்வொன்றாய் வந்தன. கோபாலபுரத்தில் சுப்ரமணிய சிவா பெயரால் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. 2011 தேர்தலிலிருந்து நம் ஊர் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதியும் உண்டு. திருச்சபை அமைப்பில் நாம் 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997 சனவரி 24 முதல் தருமபுரி மறைமாவட்டத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு பிரிவினைக்கும் பின் ஒரு கூட்டம் மாற்றலாகி வரும், ஒரு கூட்டம் போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து மாற்றல் ஆணை பெற்று வருபவர் சிலர் பாப்பிரெட்டிப்பட்டியையும் பாப்பாரப்பட்டியையும் ஒன்றென எண்ணிவிடுவர். சுப்ரமணிய சிவா 1925இல் உயிர் நீத்த பாப்பாரப்பட்டி பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது. பெட்டி படுக்கையோடு அங்கே போய் இறங்கி, மறுநாள் பொம்மிடி வழியாய் இங்கு வந்து சேர்ந்த ஓர் ஆசிரியையை நாம் அறிவோம். அவர் கடைசிவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வீடு தேடும் முறை நம் ஊரில் எழுதா விதிகளால் ஆனது. பலகை மாட்டுவது அரிது. டீக்கடையிலும், மளிகைக் கடையிலும், பள்ளிக்கூடத்துப் பியூனிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆசிரியர் மாற்றல் கோடையில் நடக்கும். பள்ளி சூனில் திறக்கும். சூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் வீட்டுக்காரர் புதுக்குடி வைக்கமாட்டார். ஆக ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் வீடு பிடித்துப் பால் காய்ச்சியாக வேண்டும். தவறினால் ஆவணி வரை பள்ளி அறையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ, சில வேளை நம் ஞானோபதேச அறையிலோ தங்க நேரும். நாம் ஆடி பார்ப்பதில்லை என்று நம் மக்கள் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரர் பார்க்கிறார் அன்றோ.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதையும் அறிவது நல்லது. நம்மில் பலர் வீட்டுக்காரராகவும் பலர் குடித்தனக்காரராகவும் இருக்கிறோம். இருதரப்பாரும் சட்டம் தெரியாமலே சண்டையிடுகிறோம். வாடகைக் கட்டுப்பாடு என்னும் எண்ணம் முதல் உலகப்போரின்போது வலுப்பெற்றது. 1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கணவன்மார் போர்முனையிலும் தொழிற்சாலையிலும் இருக்க, வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் குடித்தனப் பெண்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்து, வெளியேற்ற வந்த அலுவலரைத் தெருவிலேயே மறித்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகைக்கு வரம்பு கட்டிற்று. 1918இல் பம்பாய்க்கும் அத்தகைய சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1941இல் ஆணையாய்த் தொடங்கி, 1946, 1949 ஆண்டுகளின் சட்டங்களாய் வளர்ந்து, 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமாய் நிலைபெற்றது. பாத்திரம் தேய்க்கும் பெண்கள் தெருவில் நின்றதால் உண்டான பயன், சுற்றிச் சுற்றி நம் மாநிலத்துக்கும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் குடித்தனக்காரர் பக்கம் நின்ற சட்டம். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ரசீது தர வேண்டும். தண்ணீரையும் விளக்கையும் துண்டித்து வெளியேற்றக் கூடாது. வேண்டுமென்றே பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களின்றி வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் உதவிக்குருவாக இருந்த ஒரு நகரத்தில், மூன்று தெரு தள்ளியிருந்த வீட்டுக்காரருக்கு மாதந்தோறும் மணியார்டர் அனுப்பிய ஒரு தலைமையாசிரியர் இருந்தார். இருவரும் காலைத் திருப்பலிக்கு வருவர். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் அமர்வர். அஞ்சல்காரர் மட்டும் இருவர்க்கும் பொது நண்பர்.

ஆனால் அச்சட்டம் தானாகவே பொருந்தியது சென்னை, மதுரை மாநகர்களுக்கும் நகராட்சிகளுக்கும்தான். மற்ற இடங்களுக்கு அரசு தனியே அறிவிக்க வேண்டும். எனவே சிற்றூர்களில் பெரும்பாலும் வாய்ச்சொல்லே சட்டமாயிற்று. வாய்ச்சொல்லின் நன்மை, பாக்கி வைத்த ஏழைக்கு வீட்டுக்காரர் அறுவடை வரை பொறுத்தார். வாய்ச்சொல்லின் தீமை, அவர் பொறுக்காவிட்டால் கேட்க ஆளில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்பன அதன் முக்கிய விதிகள்.

பதினோரு மாத ஒப்பந்தம் என்கிறார்களே, அது எதனால் என்று பலரும் கேட்பதுண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டத்தின் விதி. அச்செலவைத் தவிர்க்கவே ஒரு மாதம் குறைத்தார்கள். வேறு ஒன்றும் மந்திரமில்லை. அதேபோல், பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு குடித்தனக்காரருக்கே சொந்தமாகிவிடும் என்னும் அச்சம் நம் ஊரில் பரவலாய் உண்டு. இந்த அச்சத்தால் நல்ல குடும்பத்தையும் சில ஆண்டுக்கொருமுறை காலி செய்யச் சொல்வார்கள். அந்த முகவரிக்கு ரேஷன் கார்டு மாற்றவும் விடமாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு உரிமையாளருக்கு எதிராக, அவர் உரிமையை மறுத்து இடத்தை அனுபவிப்பவருக்கே. உரிமையாளரின் இசைவோடு வாடகை கட்டிக் குடியிருப்பவர் அவர் உரிமையை மறுத்துப் பேசச் சட்டம் இடந்தருவதில்லை. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்ன இதையே 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமும் சொல்கிறது. வீட்டுக்காரராகிய நம் பங்கு மக்கள் இதையாவது நினைவில் வைத்தால் சில குடும்பங்கள் பள்ளியாண்டின் நடுவே மூட்டை கட்ட வேண்டியிராது.

மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. லைன் வீட்டுக் குடித்தனக்காரரிடம் உபமீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே பணம் வாங்குவோர் நம்மிடையேயும் உண்டு. பெயர் சொல்லமாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம்மைப் பற்றி எழுதாமலிருப்பது நேர்மையன்று. திருச்சபையும் வீட்டுக்காரரே. பல பங்குகளில் கோவிலுக்குச் சொந்தமாய்க் கடைகளும் லைன் வீடுகளும் உள்ளன. 1976 ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்து, இந்து, கிறித்தவ, இசுலாமிய சமயப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொது அறநிறுவனங்களுக்கும் சொந்தமான கட்டடங்களை வாடகைச் சட்டத்தினின்றே விலக்கியது. அறநிறுவனங்கள் மிகக் குறைந்த வாடகையையே பெற்று நலிகின்றன என்பது காரணம். அதில் உண்மை இருந்தது. சந்தை வாடகையில் சிறு பங்கைக்கூடக் கட்டாமல் கோவில் கடையை வைத்துக்கொண்டு பணம் சேர்த்தவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். அந்த ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1985இல் தீர்ப்பளித்தது. ஆனால் விலக்கு, பணம் சேர்த்த கடைக்காரருக்கும் ஏழைக் குடித்தனக்காரருக்கும் வேற்றுமை பார்க்கவில்லை. அந்த வேற்றுமையைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

நாம் பார்த்தோமா? முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கோவில் லைன் வீட்டில் நெடுங்காலம் இருந்த ஒரு கைம்பெண்ணின் வாடகையை ஒரே தடவையில் பன்மடங்கு உயர்த்தப் பங்குப்பேரவை தீர்மானித்தது. கையெழுத்திட்டவர் நாம். மண்டபம் கட்டப் பணம் வேண்டியிருந்தது. அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, மகள் ஊருக்குப் போய்விட்டார். எழுதிய நோட்டீஸ் சட்டப்படி சரியானதே. அந்தச் சாவியின் வளையத்தில் சகாயமாதா பதக்கம் ஒன்று தொங்கியதை இன்றும் நம்மால் மறக்க முடியவில்லை. அதைக் கழற்றிக் கொண்டுபோகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோர் ஆண்டாகக் கொண்டாடியபோது, வீடில்லாத உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்னும் கேள்வியையே தலைப்பாக்கி உரோமையின் நீதி அமைதி ஆணையம் ஓர் ஏடு வெளியிட்டது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினோம்.

வாடகையைவிடக் கடினமானது மறுப்பு. நம் ஊரில் வீடு கேட்டுப் போகிறவரை யாரும் நேரே சாதி கேட்பதில்லை. "சார் எந்த ஊர்ப் பக்கம்?" என்பார்கள். ஊர் சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" என்பார்கள். பிறகு, "தங்கச்சி வர்றதாச் சொல்லியிருக்கு, பார்த்துச் சொல்றோம்" என்பார்கள். தங்கை வருவதில்லை, வீடும் கிடைப்பதில்லை. அரசுப் பணியில் சேர்ந்து முதல் மாதச் சம்பளம் வாங்கிய தலித் கிறித்தவ இளைஞர் ஒருவர் இப்படி நான்கு தெரு சுற்றிவிட்டு, கடைசியில் நாள்தோறும் அரூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனார். மறுத்தவர்களில் ஞாயிறு பூசைக்கு வருபவரும் இருந்தார். தீண்டாமை காரணமாய் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியேறுவதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் சட்டப்படியே குற்றம். 1976 முதல் அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் வராத தங்கையை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

இன்னொன்று சாவு. வாடகை வீட்டில் இறந்தவரின் உடலை வைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. அடுத்த குடி வரத் தயங்கும் என்பது காரணம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் கணவர் சேலத்து மருத்துவமனையில் இறந்தார். உடல் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் நம்மிடம் வந்தார். "சாமி, நான் கெட்டவன் இல்லீங்க. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திட்டிருக்கோம். இந்த நேரத்துல வேணாம்னு அம்மா சொல்றாங்க. நீங்கதான் அந்தக்காவுக்குச் சொல்லணும்" என்று அழாக்குறையாய்ச் சொன்னார். அவரைக் கோபிக்க நமக்கு மனம் வரவில்லை. உடலை ஆலய முகப்பில் பெஞ்சு போட்டு வைத்தோம். அந்த அம்மையார் பல நூறு பிள்ளைப்பேறு பார்த்தவர். அவர் கையில் பிறந்தவர்கள் சமய வேறுபாடின்றி இரவெல்லாம் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்காரரும் வந்தார், மாலை வாங்கி வந்தார், குழி வரைக்கும் வந்தார். மறுவாரம் அந்த அம்மையார் வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார். அவரை எந்தப் பக்கத்தில் வைத்து எழுதுவது என்று இன்னும் நமக்குத் தெரியவில்லை.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. நம் பங்கில் பிறந்தவர்களே வெளியூர்களில் வாடகைக் குடிகளாய் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் லைன் வீட்டில். 1970களில் சிப்காட் வந்தபின் வளர்ந்த ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நான்கு பேராய் ஓர் அறையில். பெங்களூருவில் கட்டட வேலைக்கும் கணினி வேலைக்கும் போனவர்கள், பத்து மாத வாடகையை முன்பணமாய்க் கேட்கும் வழக்கத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு. ஊரில் மெத்தை வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு தந்தை, பெங்களூருவில் தம் மகளுக்கு வீடு மறுத்தார்கள் என்று நம்மிடம் வந்து வருந்தினார். என்ன காரணம் சொன்னார்களாம் என்று கேட்டோம். வீட்டுக்காரரின் உறவினர் வருவதாய்ச் சொன்னார்களாம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். நாமும் பேசவில்லை.

பதிவேடுகளிலிருந்து, வேறு ஊரினின்று வந்து இங்கு வாடகைக்கு இருந்த குடும்பங்கள் என்று தெரிந்தவரையில் ஒரு பட்டியல் எடுத்திருக்கிறோம். விழா முடியும்வரை ஆலயத்தின் பின்புறம், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அருகே அதை ஒட்டி வைப்போம். பக்கத்தில் பேனாவும் கட்டியிருக்கும். உங்கள் வீட்டு மாடியிலோ பின்கட்டிலோ இருந்து போனவர் பெயர் விட்டுப் போயிருந்தால் எழுதிச் சேருங்கள். இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். விழா அழைப்பிதழ் அவர்களுக்கும் அனுப்ப வேண்டும். தபால் செலவைப் பங்குப்பேரவை ஏற்றுக்கொண்டிருக்கிறது.